தொட்டியை மாற்றிய குற்றத்திற்கு என் விளக்கவுரை

தீர்ப்பு வழங்கத் திரண்டிருக்கும் அவையின் தலைவர் அவர்களே! என்னை நீக்கும் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தே புன்னகைக்கும் செயலாளர் அவர்களே! குழாய்ப் பணியாளர் சங்கத்தின் கோணாத கொள்கைக் குன்றுகளே! பெரியோர்களே! கணவன்மாரைக் கட்டிக் காக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் மடியில் கைப்பையோடு முறைத்துக்கொண்டிருக்கும் என் துணைவியாரே! அனைவருக்கும் என் தலைதாழ்ந்த வணக்கம்.

நம் சங்கத்தின் எட்டாவது விதி என்ன? "வெளியேறும் குழாய் அடைத்தால் குழாயைத் திற, தொட்டியை மாற்றாதே. மாற்றுகிறவனுக்குச் சங்கத்தில் இடமில்லை." எழுதியவன் யார்? நான். மீறியவன் யார்? அதுவும் நான். கைதட்டாதீர்கள் ஐயா, இது குற்றம்.

தோழர்களே, என் வயிறு வீங்கியது. குடமானது, பீப்பாயானது. கல்லீரலிலிருந்து இரத்தம் வெளியேறும் நாளங்களில் அடைப்பு என்றார் அறுவை மருத்துவர். எனக்கோ ஆனந்தம்! அடைப்பா? ஆயுள் முழுக்க அடைப்போடு அல்லவா அல்லாடியிருக்கிறேன்! எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தார். மறுபடி மூடாதிருக்க உள்ளே வலைக்குழாயும் வைத்தார். அதுவும் அடைத்துக்கொண்டது. இனி ஈரலையே மாற்ற வேண்டும் என்றார்.

மாட்டேன் என்றேன். சாவேனே தவிரச் சங்கத்தின் சட்டத்தை மீறேன் என்றேன். எழுந்து உட்காரவே இரண்டு பேர் வேண்டும். வீராப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அப்போதுதான் வந்தது நம் ஆய்வுக்குழு. அடைப்பெடுக்கும் கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வார்டுக்குள் வரிசையாக வந்தீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றினீர்கள், கம்பியைக் கழற்றவில்லை. பொருளாளர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்து, முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது என்றார். இந்தத் தொட்டிக்குக் காற்று போகும் காற்றுப்போக்கி எங்கே என்று செயலாளர் மருத்துவரையே மடக்கினார். மறுக்கிறீர்களா செயலாளரே? மறுக்கவில்லை, நன்றி.

மருத்துவர் கோபப்படவில்லை. கம்பியை வாங்கிப் பார்த்து, நல்ல கம்பி என்று பாராட்டிவிட்டுச் சொன்னார்: "அடைப்பு குழாயிலதாங்க. ஆனா ரத்தம் வெளிய போக வழியில்லாம தேங்கித் தேங்கி ஈரலே கெட்டுப்போச்சு. இனி குழாயைத் தொறந்தாலும் பிரயோஜனமில்ல."

விதியைத் திருத்தப் பொதுக்குழுவைக் கூட்டலாம் என்றார் செயலாளர். நம் பொதுக்குழு கூடுவதற்குள் எனக்கு இரங்கல் கூட்டமே நடந்திருக்கும்!

அப்போது மூலையில் பழம் உரித்துக்கொண்டிருந்த என் துணைவியார் எழுந்தார்.

"எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, பொருந்துதாம். என்னோடதுல பாதியை எடுத்துக்கச் சொல்லிட்டேன். உங்க எட்டாவது விதியெல்லாம் எனக்குத் தெரியாது. இந்த ஆளு எனக்கு வேணும்."

அழுதேன் தோழர்களே. வெட்கமில்லாமல் அழுதேன். இன்று அவரிடம் இருந்த மிச்சமும் வளர்ந்துவிட்டது, எனக்குத் தந்த பாதியும் வளர்ந்துவிட்டது. எந்தத் தொட்டியை வெட்டினால் வளரும்? எந்தத் தொட்டி கொடுத்தபின்னும் குறையாதிருக்கும்? எந்தத் தொட்டிக்காரர் நம் முகத்தைப் பார்த்து, இந்த ஆள் எனக்கு வேண்டும் என்று சொல்வார்?

ஆகவே அவையோரே, விதி வாழட்டும்! என்னை வெளியேற்றுங்கள்! ஆனால் நான் வெளியேறினால் ஈரலும் என்னோடு வெளியேறும். அது என் சொத்தல்ல. வெளியேற்றும் செய்தியை உரியவரிடம் நேரில் தெரிவிப்பது செயலாளரின் கடமை. அதோ, கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு அவரே எழுந்து நிற்கிறார்.

ஏன் செயலாளரே உட்கார்ந்துவிட்டீர்கள்? தீர்மானம் ஏன் சட்டைப்பைக்குள் போகிறது?

பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கு நன்றி. மாத்திரை நேரம் ஆகிவிட்டது என்று என் ஈரலின் உரிமையாளர் கையசைக்கிறார். அவர் கூப்பிட்டால் நான் போகத்தான் வேண்டும். வணக்கம்.