காவலுக்கு ஒரு கண்

தோலில் ஒட்டிய டேப்பைப் பிரிக்க அவசரம் ஆகாது, டாக்டர். நுனியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு சொட்டு தடவிக் கொஞ்சம் பொறுத்தால் அதுவே விட்டுக்கொடுக்கும். நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். பொறுமை தொழிலோடு வந்தது. என் மனைவியின் கன்னத்தில் ஒரு தடம்கூட விழுந்ததில்லை. யார் ஒட்டியது, யார் பிரித்தது என்று கேட்டீர்கள். இரண்டும் நான்தான்.

காதுக்குப் பின்னால் இருந்த கட்டியை எடுத்த பிறகு அவளுடைய இடப்பக்க முகம் அசைவற்றுப் போனது. வாய் கோணியது. கண் மூடவில்லை. அதில் உணர்ச்சியும் போய்விட்டது, மண் விழுந்தாலும் தெரியாது என்றீர்கள். பகலில் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. தூங்கும்போது களிம்பு போட்டு, இமையை இறக்கி டேப். சிவந்தால் அன்றே வர வேண்டும். ஒன்றையும் நான் மறக்கவில்லை. மறந்துவிட்டான் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

அவள் பேக்கரியில் விடிகாலையிலேயே மாவு பிசையப் போகிறவள். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை தூங்கிப் பழக்கம். வேலை நின்ற பிறகும் அந்தத் தூக்கம் நிற்கவில்லை. முதல் வாரமே கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். "இனிமே நீங்கதான் எனக்குக் கண்ணாடி" என்றாள். டேப் ஒட்டும்போது கேலி வேறு. "பாதி மொகம் தூங்குது, பாதி மொகம் காவல் காக்குது. திருடன் வந்தான்னா மாட்டினான்."

கடைத்தெருவில் எனக்கு ஊமைப்பூட்டு என்று பெயர். பன்னிரண்டு வருடத்தில் அவளிடம் முழுசாக நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியிருப்பேனா என்பது சந்தேகம். பேச நிறைய இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பார்க்காவிட்டால் யாரிடம் பேசுவது?

ஒரு மத்தியானம் டேப் தானாக விலகியிருந்தது. அவள் அயர்ந்து தூங்கினாள். அந்தக் கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கோபமில்லை, அலுப்பில்லை. "சாப்டியா?" என்று கேட்டுவைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் நானே பிரித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கொண்டுவந்த பெட்டிப் பூட்டை வேண்டுமென்றே அரைகுறையாகச் சரிசெய்து, மூன்று தடவை கடைக்கு வரவழைத்ததைச் சொன்னேன். எங்களுக்குத் தங்காமல் போன குழந்தைக்கு மனதுக்குள் வைத்திருந்த பெயரைச் சொன்னேன். மூன்று மணியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது களிம்பு தடவி, புது டேப் ஒட்டிவிடுவேன். இப்படி ஐந்து வாரம்.

நாலாவது வாரம் ஓரத்தில் சிவப்பு வந்தது.

"மங்கலா தெரியுதுங்க. செவந்திருக்கா, பாருங்களேன்."

களிம்பினால் மங்கும் என்றேன். சிவப்பெல்லாம் இல்லை என்றேன். உங்களிடம் கூட்டிவந்தால் கண் மூடியே இருக்கும்படி இமையைத் தைத்துவிடுவீர்கள் என்று தெரியும். அப்புறம் நான் எங்கே போவேன்? கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. அது படர்ந்தது. அதற்குப் பிறகும் நான்கு மத்தியானம் பேசினேன். அந்தக் கண் போனது என்னால்.

நேற்று வார்டில் இதையெல்லாம் அவளிடமே சொன்னேன். தரையைப் பார்த்தபடிதான். கட்டுப்போட்ட முகத்தோடு கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

"தெரியும்" என்றாள். "டேப்பை எடுக்கும்போதே முழிச்சுக்குவேன். நீங்க பேசுறீங்களேன்னு அசையாம கெடந்தேன். அசைஞ்சா நிறுத்திடுவீங்க. பத்து நிமிஷத்துல மறுபடி ஒட்டிடுவீங்கன்னு நெனைச்சு அப்படியே அசந்துடுவேன். செவப்பு இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வலது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தது. துடைக்கப் போனேன். கையை விலக்கிவிட்டாள்.

ஆனாலும் விழித்திருந்தும் அவள் தடுக்கவில்லை, டாக்டர். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் சம்மதமாகத்தான் நடந்தது.