கடைமடையில் நின்றவர்

ராத்திரி பதினொன்றேகால். கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகிற ரோடு. ஐப்பசி அடைமழை... ஒரு டீக்கடை வெளிச்சம்கூடக் கிடையாது. அந்த இருட்டில் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி மட்டும் திக்கித் திணறிப் போய்க்கொண்டிருந்தது.

மெஹராஜ், கதை கேட்கிறதென்றால் முதலில் அந்தச் சன்னலைச் சாத்து. பயமாக இருந்தால் யார் கையையாவது பிடித்துக்கொள், நடுவில் குறுக்கே பேசாதே. எனக்குக் கெட்ட கோபம் வரும்.

வண்டியில் போனவன் என் சிநேகிதி ஆனந்தவல்லியின் அண்ணன் தியாகு. கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன். தொண்ணூற்றேழில் எங்கள் பக்கத்தில் அவனை விட்டால் அதற்கு ஆள் இல்லை. அந்தத் திமிரும் அவனுக்கு உண்டு. அன்றைக்குத் திமிரெல்லாம் மழையோடு போய்விட்டது. ஏனென்றால் தப்பு அவன் மேல்.

ரோட்டோரம் ஒரு ரைஸ்மில். அதன் மாடியில் குத்தகை விவசாயிகள் சங்கம். ஆட்சிகள் மாறி மாறி வந்தன, சுவரில் கொடிக் கலர் மாறியது, உழுகிறவன் பெயர் மட்டும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கையில் இருந்தது குத்தகை நெல் அளந்த ரசீது ஒன்றுதான். அதையும் அறுப்புத் தகராறில் பண்ணை ஆட்கள் கொளுத்திவிட்டார்கள். நல்ல காலம், சங்கத்தில் அத்தனை ரசீதையும் அதற்கு முன்பே ஸ்கேன் செய்து ஒரு டிஸ்கில் ஏற்றி வைத்திருந்தார்கள். விடிந்தால் பத்து மணிக்குக் கோர்ட்டில் அந்தப் படங்களைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நட்டு இருபது நாள் ஆன சம்பாவை விட்டுவிட்டு நாற்பது குடும்பமும் கரையேற வேண்டியதுதான்.

அந்த டிஸ்கைத்தான் கம்ப்யூட்டர் பார்க்க மாட்டேன் என்றது.

மாடியில் அம்சம் என்ற குத்தகைக்காரி மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் நிறைய வெற்றிலை, புகையிலை. அவள் புருஷன் வைரக்கண்ணு, போன வருஷம் முறைத் தண்ணீருக்கு வாய்க்காலின் கோடியில், கடைமடையில் காவல் நின்றபோது அடித்துக் கொல்லப்பட்டவர்.

"வந்துட்டீங்களா தம்பி? எங்க மூணு மா நிலமும் இந்தப் பொட்டிக்குள்ளதான் கெடக்கு."

தியாகு டிஸ்கின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தான். கடைசி முனை மொட்டையாகக் கிடந்தது.

அந்த இணைப்புக்கு ஸ்கஸி என்று பெயர். ஒரே வாய்க்காலில் வயல்கள் இருக்கிற மாதிரி, ஒரே கேபிளில் டிஸ்க், ஸ்கேனர் என்று வரிசையாகக் கோர்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கடைசி முனையில் டெர்மினேட்டர் என்று ஓர் அடைப்பு. அது இல்லையென்றால் போன சிக்னல் முட்டித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். அங்கே கடைசியில் இருந்தது ஸ்கேனர். போன வாரம் அதை ரிப்பேருக்குக் கழற்றிப் போனவன் தியாகுதான். அதன் முதுகில் மாட்டியிருந்த டெர்மினேட்டரையும் பார்க்காமல் சேர்த்தே கொண்டுபோய்விட்டான், மடையன்! அது கும்பகோணத்துக் கடையில் கிடக்கிறது. வந்த பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது.

டிஸ்கின் நான்காம் நம்பரை ஐந்தாக்கிப் பார்த்தான். இரண்டாக்கிப் பார்த்தான். மறுபடி நான்கே வைத்தான். கேபிளை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் திரையில் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை... எல்லாம் காலி. மணி இரண்டு. ஸ்குரூ டிரைவரைப் போட்டுவிட்டு அழுதேவிட்டான்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. கடைசி முனை தெறந்து கெடக்கு. அடைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"கடைமடையில ஆள் இல்ல... அதானே தம்பி?"

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். கடைமடையில் காவல் நிற்கிறவர் தானாகக் கரையேறக் கூடாது. முடியவில்லை என்றால் மண்வெட்டியால் மதகுக் கல்லில் இரண்டு தட்டு தட்டுவார். அவரை நிறுத்தியவர் வந்து 'கரையேறுங்க' என்று சொல்ல வேண்டும். அல்லது தானே இறங்கி ஆள் மாற்ற வேண்டும்.

அம்சம் எழுந்து வந்தாள். டிஸ்கின் திறந்த முனைக்குப் பக்கத்தில் குனிந்து, காதில் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஏங்க... வந்து நில்லுங்க. வேற கதியில்லீங்க."

சேற்று வாசனை. குப்பென்று... மூடிய அறைக்குள்.

தியாகு சுவிட்சைப் போட்டான். பூஜ்யம், காலி. ஒன்று, காலி. இரண்டு... மூன்று... நான்கு...

டிஸ்க் வந்துவிட்டது.

ஒவ்வொரு ரசீதாகப் பிரிண்ட் எடுத்தான். திரும்பிப் பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் தரை ஈரமாகிக்கொண்டே வந்தது. நாலரை மணிக்கு, டிஸ்கை ஒட்டி...

தட். தட்.

"இன்னும் செத்த நேரங்க," என்றாள் அம்சம். அவள் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

விடியும்போது பாலத்துத் தண்ணீர் வடிந்துவிட்டது; கோர்ட்டில் தடை உத்தரவு கிடைத்தது. ஆனால் பண்ணை தரப்பு சும்மா இருக்குமா? பிரிண்ட் எல்லாம் போலி என்று அப்பீல் போனார்கள். கேஸ் முடியும்வரை மூல டிஸ்க் ஓடிக் காட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. தியாகு மறுநாளே டெர்மினேட்டரைக் கொண்டுவந்து மாட்டினான். டிஸ்க் மறைந்துவிட்டது. கழற்றினான். வந்தது. மாட்டினால் போகிறது, கழற்றினால் வருகிறது.

அம்சம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுடுங்க தம்பி. நாந்தான் நிறுத்துனேன். நானே பாத்துக்கறேன்."

வாய்தா மேல் வாய்தா. ஒன்பது வருஷம். தினமும் ராத்திரி அவள் அந்த மாடியில்தான் படுத்தாள். தட், தட் என்று கேட்கும். 'இன்னும் செத்த நேரங்க' என்பாள். கரையேறுங்க என்று சொல்ல வாய் வராது. சொன்னால் நாற்பது வீட்டுச் சோறு போய்விடும். "அவரு காலு மரத்துப் போயிருக்கும் தம்பி," என்று தியாகுவிடம் ஒரு தடவை சொல்லி அழுதாளாம். பாவி மனுஷி, வேறென்ன செய்வாள்?

தீர்ப்புக்கு எட்டு நாள் இருக்கும்போது காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

எடுத்து அடக்கம் செய்துவிட்டு, அன்று ராத்திரி தியாகு ஒண்டியாக மாடி ஏறினான். பதில் சொல்ல இனி யார் இருக்கிறார்கள்? கதவோரம் நின்றான்.

தட். தட்.

 அப்புறம் அவனை உரசிக்கொண்டு சில்லென்று ஏதோ போயிற்று. டார்ச் அடித்தான். மேசைக்குப் பின்னாலிருந்து ஈரக் காலடிகள், ஆண்பிள்ளைக் காலடிகள், படியிறங்கி வாசலோடு போயிருந்தன.

போச்சு என்று திரையைப் பார்த்தான். நான்காம் நம்பர் அப்படியே இருந்தது. டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது.

திறந்த முனைக்குக் கீழே, சுவரோரம்... அப்போதுதான் துப்பிய வெற்றிலைச் சாறு.