உயர்தரத்துலதான் இருக்கு, மச்சான்

என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள், சார். அதனால் இதையும் வகுப்பு டைரியிலேயே எழுதுகிறேன். மூன்று வாரப் பக்கங்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன என்று சனிக்கிழமை ஆடியோ மெக்கானிக் வகுப்பில் கேட்டீர்கள். மைதா மாவு கொட்டிவிட்டது என்றேன். கொட்டவில்லை. மாவைப் பசையாகக் காய்ச்சி நான்தான் தடவினேன்.

எங்கள் முத்தழகு அக்காவின் கணவர் பூமிநாதன் மச்சானைத் தேவிபட்டினத்தில் 'காது' என்றுதான் சொல்வார்கள். மைக் செட் கடை வைத்திருக்கிறார். மூன்று தெரு தள்ளிக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களில் எது கிழிந்திருக்கிறது என்று வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால் அவர் உட்கார்ந்தால், மைக் விசிலடிப்பதற்கு ஒரு நொடி முன்பே அவர் விரல் திருகைக் குறைத்திருக்கும். அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார். நான் வயர் சுற்றுவேன். இரண்டு வருடமாக, முறுக்கு விழாமல் சுற்றுகிறேன்.

ஒருமுறை கேட்டேன்.

"மச்சான், ஒருநா நான் உக்காரட்டுமா?"

"நீ வயரைச் சுத்து தாயி. அதுல உக்காரக் காது வேணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு வருத்தம் இல்லை. தேதியை மட்டும் குறித்துவைத்தேன். மார்ச் பதினொன்று.

ஏப்ரலில் மச்சான் வீட்டுக்கு ஒரு மியூசிக் ஸ்ட்ரீமர் வாங்கினார். டிபன் பாக்ஸ் அளவு கறுப்புப் பெட்டி. இன்டர்நெட்டிலிருந்து பாட்டை எடுத்து, வயர் இல்லாத ஹெட்போனுக்கு புளூடூத்தில் அனுப்பும். முதலில் பாட்டை நன்றாகச் சுருக்கித்தான் அனுப்பியது. மே மாதம் ஒரு அப்டேட் வந்தது. அதன்பின் ஆப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் உயர்தரத்தில், அவ்வளவாகச் சுருங்காமல் போகும். மச்சானுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது என்பதால் ஆப் என் போனில் இருந்தது. தட்டினேன். மச்சான் கண்ணை மூடினார்.

"ஏ முத்தழகு, இங்கன வா. இம்புட்டு நாளும் கருவாட்டைத் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன். இதுதாண்டி வலையில துள்ளுற மீனு."

"அடுப்புல ஒரு மீனு கருகுது. வந்து அதைக் கேளுங்க" என்றாள் அக்கா.

நானும் கேட்டேன். இரண்டு தரத்தையும் மாற்றி மாற்றிப் பத்து முறை கேட்டேன். ஒட்டிய பக்கங்களில் முதல் பக்கம் அதுதான். பத்து வரியிலும் 'வித்தியாசம்: இல்லை' என்று இருக்கும். நீங்கள் போடச் சொன்ன சந்தேகக் கட்டத்தில், 'பழுது மச்சானின் வாயிலா, என் காதிலா?' என்று எழுதியிருக்கிறேன்.

மறுநாள் மச்சான் ஹெட்போனோடு கொல்லைப்பக்கம் போனார். பாட்டு விட்டுவிட்டுக் கேட்டது. உயர்தரத்தில் அனுப்பினால் சுவர் தாண்டித் தாங்காது என்று நீங்கள் பாடத்திலேயே சொன்னீர்கள். எனவே பொத்தானை அணைத்தேன். இது உதவி என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். அவர் திரும்பி வந்ததும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் தென்னை மரத்தடியில் நின்றபடி குரல் கொடுத்தார்.

"பானு, மறுபடி கருவாடாயிருச்சு. பொத்தானைப் பாரு."

"உயர்தரத்துலதான் இருக்கு, மச்சான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று நாள் யோசித்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், எதை மாற்றினோம் என்று கேட்பவரிடம் சொல்லக் கூடாது என்பது உங்கள் விதி. அந்த விதியைத்தான் பின்பற்றியிருக்கிறேன் என்ற முடிவுக்கு வந்தேன். அது சரியான முடிவுதானா என்று கட்டத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

பிறகு தினமும் மதியம் இரண்டு மணிக்கு, வகுப்புக்கு பஸ் ஏறுவதற்கு முன், முறையாகச் செய்தேன். எட்டு நாள். ஒற்றைப்படை நாளில் உயர்தரம், இரட்டைப்படை நாளில் சாதாரணம். எட்டு நாளும் மச்சான் சரியாகச் சொன்னார். எட்டு நாளும் நான் ஒரே பதிலைச் சொன்னேன். சாதாரண நாட்களில் அவர் தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தார். வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டுக்கொண்டார். எட்டாம் நாள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"பொட்டி அதேதான். பொத்தானும் அதேதான். அப்பப் பழுது என் காதுலதான் தாயி."

அவர் நல்ல மெக்கானிக், சார். கையில் இருந்த விவரங்களை வைத்து முறைப்படிதான் அந்த முடிவுக்கு வந்தார்.

ஒன்பதாம் நாளிலிருந்து சாதாரணம் மட்டும். பழகிவிடுகிறாரா என்று பார்க்க வேண்டியிருந்தது. பழகவில்லை. ஹெட்போனைப் பீரோ மேலே தூக்கி வைத்துவிட்டார்.

அந்த வாரம்தான் ஹாஜா முகைதீன் கடைக்கு வந்தார். அவர் மகள் சூஃபியாவுக்கு நிக்காஹ்.

"போன கல்யாணத்துல வெளியூரு செட்டு, பூமி. துஆ ஓதயில மைக் அடிச்ச விசில்ல, பந்தலுக்கு வெளிய கட்டியிருந்த ஆடு அத்துக்கிட்டு ஓடிருச்சு. இன்ஷா அல்லா, ஒன் காதை நம்பித்தான் வந்திருக்கேன்."

மச்சான் அவருக்கு டீ வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் இலவசக் காது பரிசோதனை முகாம். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று மச்சான் என்னையும் கூட்டிப்போனார். வரிசையில் ஆள் குறைவாக இருந்ததால், அங்கிருந்த பெண் என்னையும் உட்காரவைத்துப் பார்த்தாள். டாக்டர் அன்று வரவில்லை. ஆளுக்கொரு சீட்டு எழுதி, இரண்டையும் என் கையில் கொடுத்தாள். இங்கிலீஷில் இருந்தது.

"என்ன போட்டிருக்கு? மறைக்காமப் படி தாயி."

படித்தேன். கனமான ஒலிகள் நன்றாகக் கேட்கின்றன. கீச்சொலிகள் இரண்டு காதிலும் வெகுவாகக் குறைவு. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. மச்சான் அந்தச் சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும், "சூஃபியா நிக்காஹுக்கு நீ உக்காரு. காது உள்ளவுகதான் அதுல உக்காரணும்" என்றார். நான் மறுத்தேன். இரண்டு முறை மறுத்ததாக டைரியில் இருக்கிறது.

நாற்காலி எனக்கு உயரம் போதவில்லை. ஒரு தலையணை போட்டுக்கொண்டேன்.

நிக்காஹ் அன்று ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மச்சான் மூன்றாவது வரிசையில், சலவைச் சட்டையில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத் மணமக்களுக்காகத் துஆ ஓதத் தொடங்கியதும் எல்லோரும் கையேந்தினார்கள். அப்போது மச்சானின் விரல் அவருடைய முழங்காலின் மேல், இல்லாத ஒரு திருகை மெல்லக் குறைத்தது. ஒரு நொடி கழித்து, ஏந்திய கைகள் எல்லாம் சேர்ந்தாற்போலக் காதுக்குப் போயின. மைக் விசிலடிக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எந்தத் திருகு என்று தெரியாததால், நான்கையும் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தேன். முறைப்படி ஒரு நேரத்தில் ஒன்றுதான். கொஞ்சம் நேரமாயிற்று.

மச்சான் எழுந்து ஓடி வந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். மிக்ஸரைத் தொடவில்லை. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார்.

"விசிலடிச்ச மாதிரி இருந்துச்சு தாயி. எனக்குத்தான் அப்படியா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலை, மச்சான்."

"சரி. அப்பச் சரி."

ஹாஜா முகைதீன் பதறிக்கொண்டு வந்தார். "யா அல்லா, பூமி, என்னய்யா இது?"

"அவளுக்கே கேக்கலையாம் பாய். ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிவிட்டு மச்சான் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, அந்த விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

இன்று காலை அக்கா துவைக்கத் துணி எடுத்துப் போட்டாள். முகாமுக்குப் போட்டுப்போன சட்டையும் அதில் இருக்கிறது. அக்கா பிளஸ் டூ வரை படித்தவள், பையைத் துழாவாமல் எதையும் துவைக்கமாட்டாள். அதற்கு முன் உங்களுக்காவது முறையாகத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

யோசித்துப் பார்த்தால் சார், பொத்தானைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான் பொய். நிக்காஹில் எனக்குக் கேட்கவில்லை என்றது முழு உண்மை. முகாமில் படித்ததும் உண்மைதான். சீட்டில் இருந்ததை இருந்தபடியே படித்தேன். மேலே எழுதியிருந்த பெயரை மட்டும் படிக்கவில்லை. அது என் பெயர்.