முதல் மிடறு

மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கீழேயுள்ள பேஸ்மென்ற் அறை ஈரமில்லாதது. இதை முதலில் சொல்லக் காரணம், உங்கள் பொலிஸ் அதிகாரி றிச்சர்ட் அங்கே படமெடுத்தபோது முகத்தைச் சுளித்ததுதான். அன்று ஹீற்றரை நிறுத்தியிருந்தோம், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் வரப் பிந்துமாம். ஆகவே இராஜரட்ணமாகிய நான் என் கைப்படத் தமிழிலேயே எழுதித் தருகிறேன்.

வேர்னா மூன்று வருடங்களுக்கு முன்னர் ஜமெய்க்காவிலிருந்து வந்தார். என் மனைவி சந்திரவதனாவுக்கு முழங்கால் வீக்கம். துணைக்கு ஆள் தேடி, வேர்னாவைப் பேஸ்மென்றில் தங்கவைத்தோம். வேர்னாவின் விசா முடிந்ததும் கடவுச்சீட்டைத் தொலைத்துவிடக்கூடாதே என்று வாங்கி என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். என்னை ‘ஐயா’ என்று கூப்பிடப் பழக்கியதும் நான்தான். எங்களில் அது மரியாதை.

அவருக்கு இலை குழை தெரியும். கசப்பான ஒரு கொடியிலையை அவித்துக் கொடுத்தார். எங்கள் காட்டுப் பாகலேதான். வெக்ஸ்போர்ட்டில் ஒரு கடையில் காய்ந்த கட்டாக விற்கும். இரண்டு கிழமையில் சந்திரவதனா படியேறினாள். கதை பரவி, சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் போத்தலோடு வரத் தொடங்கினார்கள். ஆட்கள் வரும்போது வேர்னா மேலே வந்தால் வீண் கேள்விகள் எழும். அதனால் கீழ்க்கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொண்டி போட்டேன்.

“ஏனப்பா உந்தப் பொம்பிளையைப் பூட்டி வைக்கிறியள்?” என்று சந்திரவதனா கேட்டாள்.

“குளிர் மேல வராமல் இருக்கத்தான்” என்றேன். அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

வேர்னாவின் முன்னோர் கரும்புத் தோட்டத்து அடிமைகள். ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட ஒருத்தி அந்தத் தோட்டத்து நோயாளர் கொட்டிலைப் பார்த்துக்கொண்டாளாம். காய்ச்சல், வயிற்றோட்டம், பிள்ளைப்பேறு எல்லாம் அவள் கையில்தான். தோட்டத்துத் துரைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவளைத்தான் அழைப்பார்கள். ஆனால் நஞ்சு வைத்துவிடுவாளோ என்று துரைக்குப் பயம். முதல் மிடறை அவள் குடித்து, ஒரு மணித்தியாலம் அவன் கண்முன்னே நிற்கவேண்டும். அவளுடைய சனங்கள் மட்டும் அப்படிக் கேட்டதே இல்லை, கொடுத்ததை வாங்கிக் குடித்தார்கள். வேர்னா இதைச் சொல்லக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. முதியோர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினேன். மருந்தை நம்பியவன் கையை நம்பவில்லை என்றபோது எல்லோரும் கை தட்டினார்கள். வேர்னா வரவில்லை. அவருக்கு அன்று கீழே அவிக்கிற வேலை இருந்தது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். வழக்கத்தில் பிழையில்லை, துரையில்தான் பிழை. ஊர்ச் சனத்துக்குக் கொடுக்கிற மருந்துக்கு நான்தானே பொறுப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு பானையிலும் முதல் கோப்பையை வேர்னா குடிப்பார், நான் கதிரையில் இருந்து பார்ப்பேன். துரை சவுக்கு வைத்திருந்தான். நான் குரலைக்கூட உயர்த்தியதில்லை.

சென்ற மாதம் கடையில் இலை முடிந்துவிட்டது. சனிக்கிழமை ஆட்கள் வருவார்கள், வெறும் போத்தலோடு அனுப்ப முடியுமா? செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் பின்னாலுள்ள ஓடைக்கரையில் அதேபோல ஒரு கொடியைக் கண்டு, ஒரு பை நிறையப் பறித்து வந்தேன்.

வேர்னா இலையைக் கசக்கி மணந்தார். சந்திரவதனாவிடம் பழகிய தமிழில், “உது அது இல்லை, ஐயா” என்றார்.

“யாழ்ப்பாணத்தானுக்குப் பாகலிலை தெரியாதோ?” என்று சிரித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் கோப்பையை நீட்டினேன். அவர் வாங்கிப் பாத்திரம் கழுவும் சிங்கில் ஊற்றினார். இன்னொன்று நிரப்பிக் கொடுத்து, குடித்தால்தான் கதவு திறக்கும் என்று சொன்னேன். அமைதியாகத்தான் சொன்னேன். பாதி குடித்ததும் “காணும், ஐயா” என்றார். மீதியையும் குடிக்க வைத்தேன். அரைகுறையாகச் செய்தால் அந்த வழக்கத்துக்கு அர்த்தமில்லை.

ஒரு மணித்தியாலத்துக்குள் வாந்தி தொடங்கியது. வைத்தியசாலை என்று கேட்டார். அங்கே போனால் கடவுச்சீட்டுக் கேட்பார்கள், பிறகு நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று விளங்கப்படுத்தினேன். அவருடைய நன்மையைத்தான் நினைத்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கொண்டியைப் போட்டேன். வியாழக்கிழமை கொஞ்ச நேரம் கதவைத் தட்டினார். பிறகு தட்டவில்லை. குணமாகி நித்திரை கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் குளிக்கப் போன நேரம் சந்திரவதனா கொண்டியைத் திறந்திருக்கிறாள். அந்த முழங்காலோடு படியிறங்கிப் போய், “அவ எழும்பேல்லை, அவ எழும்பேல்லை” என்று கத்தினாள். உங்களைக் கூப்பிட்டதும் அவள்தான். அதற்காக அவளோடு எனக்குக் கோபமில்லை.

அந்த இலை பாகல்தானா என்று எனக்குத் தெரியுமா எனக் கேட்டீர்கள். ஒரு சந்தேகம் இருந்தது. அதனால்தான் நான் வாயில் வைக்கவில்லை, சந்திரவதனாவுக்கும் கொடுக்கவில்லை. வேர்னாவுக்கு வாந்தி கண்ட அன்றே பானையில் இருந்ததையெல்லாம் கொட்டிக் கழுவிவிட்டேன். சனிக்கிழமை வரவிருந்த பன்னிரண்டு பேரிடமும் நீங்கள் விசாரிக்கலாம். எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள். நான் கவனமாக இருந்தபடியால் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.