மஞ்சள் வண்டியும் கறுப்பு வண்டியும்

குறிப்பேட்டில் உள்ளபடி: செவ்வாய், காலை 7.40, எண்ணூர் பேருந்து. கப்பலில் வரும் கார்களை இறக்கித் துறைமுக யார்டில் நிறுத்தும் ஓட்டுநர்கள் இருவர் எனக்கு முன் இருக்கையில்.

“நேத்து கப்பல்ல வந்த ரெண்டு அமெரிக்க வண்டியும் ஓட்டிட்டேன் மாமு. தெனம் வேலைக்கிப் போக கறுப்புதான். கால் சொன்னத கேக்குது,” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“நீ ஓட்டுனதே நானூறு மீட்டரு.”

“போதும். மஞ்சளு வேற. லேசா மிதிச்சேன், முதுவு சீட்ல ஒட்டிக்கிச்சி. எம்பது தொட்டுட்டேன்.”

“யார்டுல இருவதுக்கு மேல போனா கேட் பாஸ புடுங்கிடுவாங்கோ. எவனாச்சும் பாத்தானா?”

“யாரும் பாக்கல. ஸ்பீட வண்டியே எழுதி வெச்சிக்குமாம். இன்னிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லிகீறாங்கோ.”

“அப்போ எதுதான் நல்ல வண்டி?”

“வேலை வேணும்னா கறுப்பு.” ஜன்னல் பக்கம் திரும்பி, “மஞ்சள்தான் மாமு,” என்றார்.

துறைமுக வாசலில் இருவரும் இறங்கினார்கள். அந்த ரகக் கார்கள் தாம் எட்டிய வேகத்தைத் தாமே பதிந்துவைக்கும் என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.