பிள்ளையாருக்கு முன்னால் ஒரு பெஞ்சு

சைகோன் சந்தையில் நான் ஏறிய பஸ், பட்டாள லாரிகள் போகட்டும் என்று பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் காரைக்கால் பெண்கள் இருவர். ஜன்னலோரத்து அக்காள் சொன்னது காதில் விழுந்ததும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“மியூசேயில பிள்ளையார் செலைக்கு முன்னால பெஞ்சு போட்டுட்டாங்கடி. தோப்புக்கரணம் போட எடமில்ல.”

“மியூசேயிலயா? பழைய செலைங்கள வேடிக்கை பாக்குற எடத்துலயா? நம்ம கோயில்லயே பிள்ளையார் இருக்காரே, அக்கா?”

“அங்க போட்டா, பொண்ணு பரீட்சையில தவறிட்டாளான்னு ஊரே கேக்கும். இங்க யாரு கேக்கப் போறா?”

“சரி, பெஞ்சு எதுக்காம்?”

“எனக்குத்தான்! வெள்ளிக்கெழம தவறாம வர்றேனா, உக்காந்து உக்காந்து எழுந்திரிக்கிறேனா... மதாமுக்குக் கால் வலின்னு காவக்காரரு மேல சொல்லியிருக்காரு. ‘வர்றவங்களுக்கு என்ன வேணும்னு பாத்துப் பாத்துச் செய்யுறோம்’னு பெருமை வேற.”

“பாத்ததுக்கு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“அதத்தான் நானும் சொன்னேன். என்ன வேண்டுதல்னு பிரெஞ்சுலயே வெளக்கினேன். உடனே பெஞ்சை செவுத்தோரமா தள்ளிட்டாரு.”

“அப்பாடா!”

“இன்னும் கேளு. தள்ளிட்டு எம் பக்கத்துல வந்து நின்னாரு. ரெண்டு காதையும் புடிச்சிக்கிட்டு, ‘எந்தக் கை மேல வரணும், மதாம்? எம் பையனுக்கும் பரீட்சை. தவறினா பட்டாளத்துக்குக் கொண்டு போயிடுவாங்க’ன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வலது கை மேலன்னு சொன்னேன். சேந்தே போட்டோம்.”