விசிறியை ஓடவைத்த விதம்

மீ கோரிங் நூடுல்ஸைப் பிரட்டும்போது கிளம்பும் மிளகாய் நெடி எனக்குச் சுத்தமாக ஆகாது. சிலிபினில் எங்கள் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் அடுப்புக்கு மேலே ஒரு விசிறி உண்டு. போட்டுவிட்டால் நெடி பின்சந்துக்குப் போய்விடும். பொறியியல் மாணவர்களுக்கு நான் வேதியியல் சொல்லித்தரும் கல்லூரியில் அந்த வசதிகூட இல்லை. ஆசிட் புகையை வெளியே இழுக்கவென்று ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதன் விசிறி செத்து வருடக்கணக்காகிறது.

முதல்வர் சுகுமாரனிடம் கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. அவர் சிலிம் ரிவர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பாலை உறையவைக்கும் ஆசிட் வாசத்திலேயே வளர்ந்தவருக்கு அது ஊதுபத்தி மாதிரி.

"எங்கப்பா தோட்டத்து ஸ்டோர்ல நாள் முழுக்க ஆசிட் ஊத்துனாரு மெஹர்பானு. நல்லாத்தானே இருந்தாரு. இதெல்லாம் ஒரு வாசமா லா?" என்பார்.

இவரிடம் வாதாடிப் பயனில்லை. கண்ணால் பார்த்தால்தான் புரியும். ஆகவே காட்ட ஏற்பாடு செய்தேன்.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுத்தேன். ஆபத்து மதிப்பீடு என்று பிள்ளைகளுக்கு நான் நடத்தும் முதல் பாடமே அதுதான். பீடோரிலிருந்து வரும் தீபன் தங்கமான பையன், சொன்னதைச் செய்வான், வீசிங் உண்டு. வேறு யாராவது என்றால் இரண்டு தும்மலோடு முடிந்துபோகும். முதல்வருக்கு அது போதாது.

அன்று ரப்பர்ப் பால் உறையவைக்கும் செய்முறை. வழக்கமாகத் தண்ணீர் கலந்து வைக்கும் ஆசிட்டை அன்று அப்படியே வைத்தேன். ஏர்கான் குளிர் வீணாகக்கூடாதே என்று ஜன்னல்களைச் சாத்தினேன். தீபனின் பையிலிருந்த இன்ஹேலரை முன்கூட்டியே எடுத்து என் கோட்டுக்குள் போட்டுக்கொண்டேன். அவசரத்தில் பையைத் துழாவிக்கொண்டு நின்றால் என்னாவது? முன்னேற்பாட்டில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

தீபன் ஆசிட் புட்டியின் மூடியைத் திறந்து குனிந்தான். இருமினான். மற்ற பிள்ளைகளை ஒழுங்காக வெளியே அனுப்பி, ஒருவரை முதல்வரிடம் ஓடச் சொன்னேன். தீபனை வாசலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"மேடம்... என் பையில..." என்றான்.

"பேசாதப்பா, மூச்ச விடு" என்றேன்.

பாவமாகத்தான் இருந்தது. நானும் மனுஷிதானே.

அந்த வாரமே விசிறி ஓடியது, அத்தா கடையில் இருப்பதைவிட ஜோராக. ஆஸ்பத்திரியில் தீபனின் அம்மா கலாதேவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா எம்புள்ள இல்ல மேடம்" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தன் இன்ஹேலர் என் கோட்டுக்குள் எப்படி வந்தது என்று அந்தப் பையன் யோசிக்கத் தொடங்கியதெல்லாம் பிறகுதான்.

கையில் வைத்துக்கொண்டே ஏன் உடனே கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள், சார். முதல்வருக்கு முழங்கால் வலி. மாடியிலிருந்து ஒவ்வொரு படியாகத்தான் இறங்குவார். பிள்ளையின் உதடு நீலம் பாரித்ததை அவர் பார்க்க வேண்டாமா? பார்த்தார். பார்த்த மறுநொடியே கொடுத்துவிட்டேன். அவன் உயிரைக் காப்பாற்றியது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.